கையேடா, கேன்டீனா, சமையலறையா? வெளிநாட்டு மாணவர்களின் உணவைச் சீராக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகமோ வெளிநாட்டு மாணவர் சங்கமோ, புதிதாக வந்து சேரும் மாணவர்களின் உணவுப் பழக்கத்தைச் சீராக்குவதற்கு ஒரு திட்டம் வகுக்க உட்காரும்போது, பெரும்பாலும் நான்கு யோசனைகள் முன்வைக்கப்படுகின்றன. சத்துணவு பற்றிக் கையேடு அச்சிட்டு வகுப்பு எடுப்பது ஒன்று. உணவியல் நிபுணரிடம் தனி ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வது இன்னொன்று. வளாகக் கேன்டீனின் உணவுப் பட்டியலை மாற்றுவது மூன்றாவது. மாணவர்களுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுப்பது நான்காவது. நான்குமே நல்லவைதான். ஆனால் நான்கையும் ஒரே ஆண்டில் உருப்படியாகச் செய்வதற்கான பணமும் ஆள்பலமும் எந்த அலுவலகத்திடமும் இருப்பதில்லை. ஆகவே எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது என்பதே உண்மையான கேள்வி. மாணவர் நலப் பணியில் சில ஆண்டுகள் இருந்து, இவற்றுள் மூன்றைத் தவறான வரிசையில் செய்துபார்த்த அனுபவத்தில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், சீராக்க வேண்டியது எது என்பதில் தெளிவு வேண்டும். வெளிநாட்டுக்குப் படிக்கப் போனால் உடல் பருத்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. கல்லூரியின் முதல் ஆண்டில் 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7 கிலோ, எடை கூடிவிடும் என்று அமெரிக்காவில் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். முதலாண்டு மாணவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான பகுப்பாய்வு, அந்தச் சராசரி சுமார் 1.4 கிலோ மட்டுமே என்று காட்டியது. எடை அவ்வளவாக மாறாத மாணவரின் தட்டிலும் மாற்றங்கள் நிகழ்ந்திருக்கும் என்பதே கவனிக்க வேண்டியது. காலை உணவு நின்றுபோகும், காயும் கனியும் குறையும், இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத் தள்ளிப்போகும், உப்பு கூடும். நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனிகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் பாதியைக்கூடத் தொடாத மாணவர்கள் பலர், சொந்த ஊரில் இருந்தவரை அந்த அளவைத் தம்மை அறியாமலே சாப்பிட்டுவந்தவர்கள். அவர்களுக்குப் புதிதாக ஓர் உணவுமுறையைப் புகட்ட வேண்டிய தேவை இல்லை. கையோடு கொண்டுவந்த நல்ல பழக்கம் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அது ஏன் கைவிட்டுப் போகிறது என்றால், அறியாமை அதற்குச் சிறு காரணம்தான். வீட்டில் இன்னொருவர் சமைத்ததைச் சாப்பிட்டுப் பழகியவர், முதல்முறையாகத் தன் சாப்பாட்டுக்குத் தானே பொறுப்பாகிறார். கடையில் உள்ள காய்களில் பாதிக்குப் பெயர் தெரியாது. முதல் சில மாதங்களுக்கு ஒவ்வொரு விலையையும் மனத்துக்குள் சொந்த நாட்டுப் பணத்துக்கு மாற்றிப் பார்ப்பதால், தக்காளியும் கீரையும் அநியாய விலையாகத் தோன்றும். பொட்டல நூடுல்ஸ் மட்டும் எந்த நாணயத்தில் கணக்கிட்டாலும் மலிவாகவே தெரியும். இதனோடு ஆறு பேர் பங்கிடும் சமையலறை, ஃப்ரிட்ஜில் ஒரே ஓர் அடுக்கு, மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்பு. இவை அனைத்தையும் மனத்தில் வைத்துத்தான் நான்கு வழிகளையும் எடைபோட வேண்டும்.

கையேடும் வகுப்பும் எல்லா அலுவலகங்களுக்கும் பிடித்தமானவை. செலவு குறைவு, விரைவில் முடியும், ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ள எண்ணிக்கையும் கிடைக்கும். ஆனால் அவை வழங்கப்படும் நேரமே அவற்றுக்கு எதிரி. வந்து இறங்கிய முதல் வாரத்தில் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, குடியிருப்புப் பதிவு, பாடப்பதிவு என்று ஓடிக்கொண்டிருக்கும் மாணவரிடம் 16 பக்க வண்ணக் கையேட்டைக் கொடுத்தால், அது பையின் அடிக்குப் போய்ச் சேரும். நாங்கள் ஓராண்டு பாடுபட்டுத் தயாரித்த கையேட்டை அடுத்த ஆண்டு ஒரு விடுதிச் சமையலறையில் மறுபடி பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பாத்திரத்துக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சமையலுக்கு அது ஒருவகையில் பயன்பட்டதை மறுக்க முடியாது.

கையேட்டை அறவே ஒதுக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. சில செய்திகள் உண்மையிலேயே தெரியாதவை. அவற்றைச் சொல்ல ஒரே ஒரு பக்கம் போதும். தட்டில் பாதி காய்கனி, கால்வாசி முழுதானியம், கால்வாசி புரதம் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுநலவாழ்வுப் பள்ளி 2011-இல் வெளியிட்ட தட்டுப் படம் எந்த நாட்டுச் சமையலுக்கும் பொருந்துகிறது. பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பது அடுத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உப்பின் அளவே அச்சிடப்படுகிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் சோடியத்தின் அளவு தரப்படுகிறது. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும் என்ற கணக்கு தெரியாத மாணவர், 2 கிராம் சோடியம் என்பதைச் சிறிய எண்ணாக நினைத்துவிடுவார். உண்மையில் அது பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான 5 கிராம் உப்பு என்ற உச்சவரம்பையே தொட்டுவிடுகிறது.

இதைத் தாளில் படிப்பதைவிடக் கடையில் நின்று பார்ப்பது மேல். எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஒரு மணி நேரம் நடப்பது, அரங்கில் எடுக்கும் மூன்று வகுப்புகளுக்குச் சமம் என்பேன். காலை உணவுத் தானியப் பெட்டி ஒன்றை எடுத்து, அதன் மீது ‘ஒரு பரிமாறல் 30 கிராம்’ என்று இருப்பதைக் காட்டி, வழக்கமாக எவ்வளவு கொட்டிக்கொள்வீர்கள் என்று கேட்டால் மாணவர்கள் கையை விரித்து ஒரு கிண்ணத்தைக் காட்டுவார்கள். திரும்பி வந்து அதே கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பார்க்கையில் 65, 70 கிராம் என்று வரும். பெட்டியில் சொன்ன சர்க்கரை அளவு இரண்டு மடங்காகிவிட்டது என்பதை அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. பரிமாறல் கணக்கை விட்டுவிட்டு 100 கிராமுக்கான பத்தியை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அந்த ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. கலோரி எண்ணும் செயலிகளைப் பரிந்துரைக்கும் யோசனையும் அடிக்கடி வரும். பல நாட்டுச் சமையல்கள் அவற்றின் பட்டியலில் சரியாக இடம்பெறுவதில்லை. சிலரிடம் அந்தக் கணக்கு ஒரு வேண்டாத பதற்றமாகவும் மாறிவிடுகிறது. அதை விட்டுவிடலாம்.

உணவியல் நிபுணரின் தனி ஆலோசனை ஆழத்தில் மற்ற மூன்றையும் மிஞ்சும். பரப்பில் கடைசி இடம்தான் பெறும். நீரிழிவு, குடலழற்சி, இரத்தசோகை, உணவு ஒவ்வாமை, உண்ணுதல் சார்ந்த மனநலச் சிக்கல் ஆகியவை உள்ளவர்களுக்கு வேறெந்த வழியும் ஈடாகாது. விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவர் வைட்டமின் பி12-ஐச் செறிவூட்டிய உணவாகவோ மாத்திரையாகவோ பெற்றாக வேண்டும். பூமத்திய ரேகைக்கு வெகு தொலைவில் உள்ள நாட்டின் குளிர்காலத்தில் தோல் வைட்டமின் டி-யைப் போதிய அளவு உற்பத்தி செய்வதில்லை. தோல் நிறம் அடர்ந்திருந்தால் குறைபாட்டின் வாய்ப்பு இன்னும் கூடும். பிரிட்டனில் இலையுதிர், குளிர் காலங்களில் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரையாக எடுத்துக்கொள்வது பற்றி அனைவரும் யோசிக்கலாம் என்றும், கறுத்த தோலுடையவர்கள் ஆண்டு முழுவதும் அவ்வாறு செய்யலாம் என்றும் அரசே சொல்கிறது. வெயில் கொளுத்தும் நாட்டிலிருந்து வரும் மாணவருக்கு இது தானாகத் தோன்றக்கூடிய விஷயம் அன்று.

ஆனால் நிபுணரின் ஒரு மணி நேரம் ஒரே ஒரு மாணவருக்குத்தான் போய்ச் சேரும். மாணவரின் சமையலை அறியாத நிபுணர் என்றால், ஆலோசனை முடிவில் ஓட்ஸும் சாலடும் கொண்ட ஒரு பட்டியல் கிடைக்கும். அது வாயில் இறங்காமல் ஒரு வாரத்தில் கைவிடப்படும். ஆகவே இந்த வழியைப் பொதுத் திட்டமாக வைக்காமல், தேவைப்படுவோரை அனுப்பிவைக்கும் இடமாக வைத்துக்கொள்வதே சரி. அதற்கு உள்ளூர் மருத்துவ ஏற்பாட்டில் யாரிடம், எப்படி, எவ்வளவு காத்திருந்து போக முடியும், மாணவர் காப்பீடு அதற்குப் பணம் தருமா என்பவற்றை அலுவலகம் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தால் போதும். இந்த வாசல் மூடியே இருக்குமானால் மற்ற மூன்று வழிகளையும் நடத்துவோர் தகுதிக்கு மீறிய அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

கேன்டீனை மாற்றுவதில் உள்ள பெரிய கவர்ச்சி, மாணவரின் மன உறுதியை அது எதிர்பார்ப்பதில்லை என்பதாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கல்லூரி உணவகங்களில் விற்ற 94,000-க்கும் மேற்பட்ட சாப்பாடுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, நான்கில் ஒன்றாக இருந்த சைவ உணவை நான்கில் இரண்டாக ஆக்கியபோது அதன் விற்பனை சுமார் 41 முதல் 79 விழுக்காடு வரை கூடியதைக் கண்டது. யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. தட்டுக்கு எதிரே இருந்தது மாறியது, அவ்வளவுதான். சைவம் என்பதாலேயே ஒரு சாப்பாடு உடலுக்கு நல்லதாகிவிடாது என்பது வேறு விஷயம். எண்ணெயில் பொரித்துச் சீஸ் தூவியதும் சைவம்தான். தெரிவுகளின் விகிதம் மாறினால் சாப்பிடுவதும் மாறுகிறது என்ற அளவில் இந்த ஆய்வு நமக்குப் பயன்படுகிறது.

வெளிநாட்டு மாணவர் என்று வரும்போது கேன்டீனில் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. முதலாவது, நம்பிக்கை. ஹலால், கோஷர் (யூத சமய உணவு விதி), சைவம், ஒவ்வாமை என்று கட்டுப்பாடு உடைய மாணவர், உணவில் என்ன கலந்திருக்கிறது என்பது உறுதியாகத் தெரியாவிட்டால், சந்தேகத்துக்கு இடமில்லாத பொருளுக்கு ஒதுங்கிவிடுவார். அது பெரும்பாலும் வெறும் ரொட்டியாகவும் பொரித்த உருளைக்கிழங்காகவும் இருக்கும். இறைச்சிக் குழம்பில் போட்ட கரண்டியே பருப்பிலும் போடப்படுவதை ஒருமுறை பார்த்துவிட்டால், அதன் பிறகு எத்தனை வகை சமைத்து வைத்தாலும் அவர் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிரே உட்பொருள் அட்டை, தனிக் கரண்டி, பரிமாறுவோருக்குக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிவது ஆகிய மூன்றும் புதிய சமையல்காரரை நியமிப்பதைவிட மலிவானவை, பலனும் கூடுதலாகத் தருபவை. இரண்டாவது ஓட்டை விடுமுறை. உள்நாட்டு மாணவர்கள் வீட்டுக்குப் போகும் வார இறுதிகளிலும் பண்டிகை விடுமுறைகளிலும் கேன்டீன் மூடிக்கிடக்கும்; வளாகத்தில் மிஞ்சியிருப்பவர்கள் வெளிநாட்டு மாணவர்களே. அவர்களின் சாப்பாடு அந்த நாட்களில் தானியங்கி விற்பனை எந்திரத்திடம் போய் நிற்கிறது. எந்திரத்தில் இருப்பதன் தன்மையை அறிய ஒரு சோதனையைச் சொல்லலாம். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் கெவின் ஹால் தலைமையிலான குழு, 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவையும் இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவையும் வேண்டிய மட்டும் சாப்பிடவிட்டது. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருந்தும், முதல் வகையில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று 2019-இல் முடிவு வெளியானது.

கேன்டீன் வழியின் இன்னொரு குறை, அது நகரும் வேகம். உணவு ஒப்பந்தம் ஆண்டுக் கணக்கில் போடப்பட்டிருக்கும். குழு கூடி, விலை பேசி, பட்டியல் மாறுவதற்குள் ஓராண்டு முதுகலை மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

சமைக்கக் கற்றுக்கொடுக்கும் வழி உழைப்பை மிகுதியாகக் கேட்பது. மோசமாகச் செய்தால் முழுவதும் வீணாவதும் அதுவே. பெரிய சமையற்கூடத்தில் தேர்ந்த சமையல்காரர் ஒருவர் 12 பொருள்களை வைத்து அழகாகச் செய்து காட்டிய வகுப்பை நாங்களும் நடத்தியிருக்கிறோம். மாணவர்கள் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், சாப்பிட்டார்கள். விடுதிக்குப் போய் ஒரே ஒரு வாணலியும் மழுங்கிய கத்தியும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தார்கள். மறு ஆண்டு அதே பணத்தில் இரண்டாமாண்டு மாணவர்கள் நால்வருக்குச் சிறு ஊதியம் கொடுத்து, அவரவர் விடுதிச் சமையலறையிலேயே, அங்கிருக்கும் அடுப்பிலேயே, ஒரு பாத்திரம், ஒரு கத்தி, அரை மணி நேரம் என்ற கட்டுக்குள் ஐந்து சாப்பாடுகளைச் சொல்லிக்கொடுக்க வைத்தோம். வித்தியாசம் அடுத்த மாதமே தெரிந்தது.

அந்தச் சீனியர்கள் சொல்லித்தந்ததில் பெரும்பகுதி எந்தச் சமையல் குறிப்பிலும் இருக்காது. எந்தப் பொரியலைச் செய்தால் புகை கிளம்பி எச்சரிக்கை மணி அடிக்கும், அடிக்காமல் இருக்க எந்த ஜன்னலைத் திறந்து எந்தக் கதவை மூட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நள்ளிரவில் தன் சமையலால் மணி அடித்துக் கட்டடமே வெளியே வந்து குளிரில் நின்ற சம்பவத்துக்குப் பிறகு, மூன்று வாரம் அடுப்பைத் தொடாமல் ரொட்டியிலேயே காலம் தள்ளிய ஒரு மாணவரை எனக்குத் தெரியும். சொந்தச் சமையலின் ருசி பெரும்பாலும் மசாலாவிலும் புளிப்பிலும் கைப்பக்குவத்திலும்தான் இருக்கிறது, ஆகவே காய் உள்ளூர்க் காயாக இருக்கலாம் என்பது இன்னொன்று. உறையவைத்த பட்டாணியும் கீரையும் சத்தில் புதியவற்றுக்கு ஏறக்குறைய நிகரானவை, அழுகி வீணாவதில்லை, ஃப்ரீசரில் ஒரே ஓர் இழுப்பறை கிடைத்தாலும் இரண்டு வாரத்துக்கு வரும். டின்னில் அடைத்த பயறு வகைகளை வடிகட்டி நீரில் அலசினால் உப்பில் கணிசமான பங்கு போய்விடும்.

பாதுகாப்பு பற்றிய பாடமும் இங்கேதான் பொருந்தும். இரவில் வடித்த சோற்றை அடுப்பின் மேலேயே விட்டுவிட்டு மறுநாள் சூடாக்கிச் சாப்பிடும் பழக்கம் மாணவர் சமையலறைகளில் சர்வ சாதாரணம். அரிசியில் உள்ள பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை; அறை வெப்பத்தில் அவை பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரூட்ட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. சோற்றை அகலமான டப்பாவில் பரப்பினால் விரைவில் ஆறும் என்பது சீனியர்களின் உத்தி. ராஜ்மாவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காய்ந்த ராஜ்மாவை ஊறவைக்காமல், கொதிநிலையை எட்டாத ஸ்லோ குக்கரில் போட்டு வகுப்புக்குப் போனால், அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் அழியாமல் கடும் வாந்தியை உண்டாக்கக்கூடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது.

சமையல் வழிக்கும் எல்லை உண்டு. சமைக்க ஆர்வமுள்ளவர்களே தேடி வருவார்கள். ஆய்வுக்கூடத்தில் இரவு ஒன்பது மணிவரை இருக்கும் முனைவர் பட்ட மாணவர் வர மாட்டார். அவர்களுக்கு நாங்கள் கண்ட ஒரே மாற்று, நால்வர் சேர்ந்து ஆளுக்கு ஒரு நாள் சமைக்கும் முறைதான். நான்கு நாளைக்கு ஒருமுறை சமைத்தால் போதும் என்பதோடு, தனியாக மடிக்கணினி முன் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கமும் குறைகிறது. கையில் பணமே இல்லாத மாணவருக்கு இவை எதுவும் உதவாது. அவருக்கு உணவு வங்கியோ கேன்டீன் கூப்பனோதான் வேண்டும்; அதைப் பெறக் கூச்சப்படாத ஓர் ஏற்பாடும் வேண்டும்.

ஆக, என் தெரிவு விடுதியைப் பொறுத்தது. விடுதிகளில் சமையலறை இல்லாத வளாகத்தில் வேறு வழியில்லை. பணத்தையும் நேரத்தையும் கேன்டீனில் போட வேண்டும், அதிலும் உட்பொருள் அட்டையையும் விடுமுறைக் காலத்துச் சாப்பாட்டையும் முதலில் கேட்க வேண்டும். சமையலறை இருக்கும் இடத்தில் சீனியர்களின் வகுப்புக்கே முதலிடம் தருவேன். அதை வரவேற்பு வாரத்தில் வைக்காமல், கொண்டுவந்த தின்பண்டம் தீர்ந்து வெளிச்சாப்பாடு அலுத்திருக்கும் மூன்றாம் வாரத்தில் வைப்பேன். கடை நடையை அதற்கு முந்தைய சனிக்கிழமை வைத்து, அன்று வாங்கும் பொருளையே வகுப்பில் சமைக்கச் சொல்வேன். ஓராண்டுப் படிப்புக்கு வந்தவர்கள் மிகுதியாக இருந்தால் கேன்டீன் பேச்சுவார்த்தை இரண்டாம் இடத்துக்குப் போகும். மூன்று நான்கு ஆண்டு தங்கும் இளங்கலை மாணவர்கள் மிகுதி என்றால் இரண்டையும் ஒருசேரத் தொடங்கலாம். உணவியல் நிபுணரின் முகவரியும் ஒரு பக்கக் கையேடும் எல்லா இடத்திலும் வேண்டும், ஆனால் பட்ஜெட்டின் ஓரத்தில்.

பலன் கிடைத்ததா என்று பார்க்க எடை எந்திரத்தைக் கொண்டுவர வேண்டாம். நேற்று என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று மூன்றாம் வாரத்தில் ஒருமுறையும் பத்தாம் வாரத்தில் ஒருமுறையும் கேட்டு, அதில் காயும் கனியும் எத்தனை முறை வந்தன என்று எண்ணினால் போதும். முடிந்தால், அனுமதி கேட்டு ஃப்ரிட்ஜில் அவருடைய அடுக்கைப் பார்க்கலாம். வகுப்புக்கு முன் சாஸ் பாட்டில்களும் பாதி குடித்த குளிர்பானமும் நின்ற இடத்தில், அரை வெங்காயமும், முட்டையும், தேதி எழுதி மூடிவைத்த ஒரு டப்பாச் சோறும் இருந்தால், அடுத்த ஆண்டுக்கான பணத்தைக் கேட்க அந்தப் படம் ஒன்றே போதும்.